சிவப்பு அட்டை தொங்கிய கார்

ஓசூரில் நின்றுகொண்டு ‘ஷிஃப்ட் லேட்டாகுது’ என்று யாரிடம் சொன்னாலும், ‘ஏன், கம்பெனி பஸ் வரலையா?’ என்றுதான் கேட்பார்கள். இந்த ஊரில் ஷிஃப்ட் என்றால் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் ஆகிய மூன்றுதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட முகூர்த்த நேரத்தைச் சொல்லிவிட்டு, ‘அன்னிக்கி உங்களுக்கு எந்த ஷிஃப்ட்டு?’ என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் எடுப்பார்கள். ஆகவே என் காரில் ஷிஃப்ட், அதாவது கியர் மாறுவது, லேட்டாகிறது என்பதை ஊருக்குப் புரியவைக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனது. ஏன் லேட்டாகிறது என்பது எனக்குப் புரிய மேலும் ஒன்பது நாள் ஆனது.

கார் பழையது. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் பாதி ஆயுளைத் தூங்கிக் கழித்த ஆட்டோமேட்டிக் வண்டி. கே.ஏ. நம்பரோடு எல்லை தாண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அதை வாங்கியது என் ஆசைக்காக அல்ல, என் மனைவியின் இடது முழங்காலுக்காக.

அவள் சூளகிரிப் பக்கம் வயரிங் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். சாதாரண ஆபரேட்டராகச் சேர்ந்து, பதினோரு வருடம் நின்றே வேலை பார்த்து, லீடருக்கான மஞ்சள் தொப்பியை வாங்கியவள். மழை நாளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்ததில் முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன், மூன்று மாதம் லீவு. பஸ் படி ஏறக்கூடாது, கிளட்ச்சை மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களிடம் முன்பிருந்த கிளட்ச் காரை என்னைவிட நன்றாக ஓட்டியவள் அவள். அதைக் கொடுத்துவிட்டு, இடது காலுக்கு வேலையே இல்லாத இந்த வண்டியை எடுத்தோம்.

வாங்கியது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் அவள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் தாண்டி வரும் திங்கள்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் தொப்பி வேறொருத்தியின் தலைக்குப் போகும், இவளைப் பேக்கிங் பிரிவில் உட்காரவைப்பார்கள்.

“நான் கொண்டுபோயி விடறன், சாயந்திரம் கூட்டினு வந்துடறன்” என்றேன்.

“நான் என்ன டிபன் பாக்ஸா, நீங்க கொண்டுபோயி வெக்கறதுக்கு?” என்றாள்.

அவள் வீட்டில் இருந்த அந்த மூன்று மாதம் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஜெனரல் ஷிஃப்ட். சாயந்திரம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால், கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் சூடான தோசை. பக்கத்தில் நிலக்கடலைச் சட்னி. அதற்கு முன்பெல்லாம் அவள் செகண்ட் ஷிஃப்ட் போகும் வாரங்களில் ஹாட்பாக்ஸைத் திறந்தால் வியர்த்துப்போன நான்கு தோசைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். நான் குறை சொன்னதில்லை. குறை சொல்லாமல் சாப்பிடுவதையே ஒரு தியாகமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி காருக்கு வருகிறேன். வாங்கிய அன்றே சீட்டைப் பின்னுக்குத் தள்ளினேன், கண்ணாடியைத் திருப்பினேன், கியர் கம்பிக்குப் பக்கத்தில் ‘பவர்’ என்பதைச் சுருக்கி மூன்று ஆங்கில எழுத்தில் போட்டிருந்த பொத்தானை அமுக்கினேன், ஏசியைத் திருகினேன். இருபத்திரண்டு வருடமாக மெஷின்களோடு வாழ்கிறவனுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி கிளம்பியது. கிளம்பியது என்பதைவிட, கத்தியது என்பதுதான் சரி. பாகலூர் ரோட்டில் வேகம் ஏற ஏற எஞ்சின் ‘ங்ஙீ’ என்று அழுததே தவிர அடுத்த கியர் விழவில்லை. முன்னால் போன டிராக்டர்காரர் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஓரம் கட்டினார். அதற்குப் பிறகுதான் ஏதோ மனம் இரங்கியதுபோல ‘டொக்’ என்று கியர் மாறியது.

வேறு எவனாவது இருந்தால் பயந்திருப்பான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏனென்றால் என் வேலையே இதுதான். ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கே எது கெட்டாலும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்பது எங்கள் வழக்கம். முதல் ஏனுக்கு வரும் பதிலைப் பிடித்து இரண்டாவது ஏன், அதைப் பிடித்து மூன்றாவது. ஐந்தாவது ஏனில் ஆணிவேர் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. அதற்கென்று ஐந்து கட்டம் போட்ட தாள் உண்டு. கூடவே மீன்முள் படம் ஒன்று வரைவோம். தலையில் பிரச்சினை, முள்ளுக்கு ஒன்றாக நான்கு காரணங்கள்: மனிதன், மெஷின், பொருள், முறை.

உண்மையைச் சொன்னால், எங்கள் கம்பெனியில் எல்லா மீனும் ஒரே முள்ளில்தான் செத்திருக்கிறது. மெஷின் என்று எழுதினால் மெயின்டனன்ஸ்காரன் சண்டைக்கு வருவான். பொருள் என்று எழுதினால் பர்ச்சேஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முறை என்று எழுதினால் அந்த முறையை வகுத்தவர் மேலே உட்கார்ந்திருப்பார். சண்டைக்கு வராதவன் ஆபரேட்டர் ஒருவன்தான். ஆகவே ‘ஆபரேட்டர் கவனக்குறைவு. மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதி மூடிவிடுவோம். என் கையெழுத்தைவிட அதிகமாக நான் எழுதிய வாக்கியம் அது. என் மனைவியின் கம்பெனி ஃபைலிலும் அதே வாக்கியம் இரண்டு முறை உண்டு. அதில் ஒரு முறை பழுதானது அவள் கவனம் இல்லை, டூல்தான் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகும் ஃபைலிலிருந்த அந்த வாக்கியத்தை யாரும் அடித்துத் திருத்தவில்லை.

வீட்டிலும் முறைப்படி தொடங்கினேன். மீன்முள் வரைந்தேன். மெஷின், பொருள், முறை மூன்றுக்கும் இடம் போதாமல் தாளைத் திருப்பினேன். மனிதன் என்ற முள்ளில் ‘பொருந்தாது’ என்று எழுதினேன். ஓட்டியது நான்தானே.

அதோடு நிற்கவில்லை. கோளாறான மெஷினில் எங்களிடம் சிவப்பு அட்டை கட்டுவார்கள். காரணம், தீர்வு என்று இரண்டு இடம் அதில் இருக்கும். அவை நிரப்பப்பட்டு, கட்டியவனே அவிழ்க்கும் வரை வேறு யாரும் அந்த மெஷினைத் தொடக்கூடாது. அப்படி ஓர் அட்டையைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்கில் கட்டினேன்.

“இத எதுக்குக் கட்டறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“கோளாறு தீர்ற வரைக்கும் நீ தொடக்கூடாது. பாதுகாப்பு.”

“ஒரு தரம் ஓட்டிப் பாக்கறனே. நம்ம தெருவுலயே.”

“கால் இருக்கற நெலமையில வெளாட்டா?” என்றேன். அவள் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோசைக்கு அரிசி ஊறப்போடப் போனாள்.

மத்திகிரிப் பக்கம் ஒரு பாய் இருக்கிறார். நிதானமான மெக்கானிக். வண்டியைப் பார்ப்பதற்கு முன் வண்டிக்காரன் பேச்சைக் கேட்பவர். நான் மீன்முள்ளை நீட்டினேன். மரியாதையாக வாங்கி, மடித்து, ஆயில் டப்பாவின் கீழ் வைத்தார். கியர் ஆயிலின் அளவுகோலை எஞ்சின் ஓடும்போதே உருவி, துணியில் துடைத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பாக இருந்தது. முகர்ந்தார்.

“கருகல சார். பழசாயிடுச்சி, அவ்ளோதான். மாத்திடலாம். ஆக்சிலேட்டர்லருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போவுது பாருங்க, அது இழுத்துக்கினு இருந்தாலும் கியர் லேட்டாத்தான் விழும். அதயும் செட் பண்ணிடறன்.”

இரண்டையும் செய்தார். தனியாக எடுத்துக்கொண்டு டெங்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். “சூப்பரா விழுது சார். பஞ்சு மாதிரி.”

நான் ஏறி உட்கார்ந்தேன். ஏசி அணைந்திருந்தது, ரேடியோ அணைந்திருந்தது, பவர் பொத்தானும் வெளியே வந்திருந்தது. சத்தம் கேட்பதற்காக எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஓட்டுவது அவர் பழக்கமாம். பவர் போடாமலே ஓட்டிவிட்டு பஞ்சு என்கிறாரே என்று மனதுக்குள் சிரித்தபடி எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அடுத்த திருப்பத்தில் ‘ங்ஙீ’ தொடங்கியது.

போனில் பாயை ஒரு பிடி பிடித்தேன். பாவம், மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார். இந்த முறை நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து ஏன் தாளைச் செருகிய எழுதுபலகையை இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர் கம்பிக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தேன். ஒவ்வொரு அலறலையும் அதில் குறித்துக்கொள்வதாகத் திட்டம். வண்டி நன்றாக அலறியது. பாய் தலையைச் சொறிந்தார். அதற்கான காரணம் அந்தத் தாளுக்கு அடியில்தான் படுத்திருந்தது என்பது இருவருக்கும் தெரியாது.

“சார், கோச்சிக்கக் கூடாது. நீங்க ஓட்டறப்ப மட்டும்தான் வருது” என்றார்.

கோபித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தை எடுத்துச் சொன்னேன். அவர் “சரிங்க சார்” என்று இறங்கி ஆட்டோ பிடித்துப் போனார். ஆபரேட்டர் மீது பழி போடும் மெக்கானிக் என்று அவரைப் பற்றி இரண்டு பேரிடம் குறையும் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு கூசவில்லை.

அடுத்தது அத்திப்பள்ளி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்றே ஒருவர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் வண்டியில் ஏறவே இல்லை. நான் வரைந்த மீனை மட்டும் நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு முள் இருந்தால் நோய் பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, “கியர்பாக்ஸ் பிச்சபேக்கு” என்றார்.

கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஓசூரில் இத்தனை வருடம் இருந்ததில் அவ்வளவு கன்னடம் எனக்குத் தெரியும். ஆனால் என் காது, தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த கல்லாவி ஊர்க் காது. அதில் முதலில் விழுந்தது பிச்சை, அடுத்து விழுந்தது பேக்கு. யாரையோ திட்டுகிறார் என்று ஒரு கணம் தோன்றியது. யாரை என்பது அப்போது தெரியவில்லை.

பிரித்து மாட்ட மூன்று வாரம் ஆகுமாம். நான் வீட்டுக்கு வந்து, தீர்ப்பு எழுதிய நீதிபதி போல உட்கார்ந்து மனைவியிடம் சொன்னேன். அது சனிக்கிழமை.

“மூணு வாரமா? நாளன்னிக்கி திங்கக்கெழம.”

“அதுக்கு என்ன பண்றது? பேக்கிங்தான குடுக்கறாங்க. உக்காந்து செய்யற வேல. உன் காலுக்கும் நல்லது.”

அவள் கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். பிறகு, “உங்க கியர்பாக்ஸத் தொறக்கறதுக்கு என் கதவ மூடறீங்க” என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆபரேஷனுக்குப் போகும்போதும் அழாதவள். அப்படியிருந்தும் அன்று ராத்திரி அவள் சுட்ட சூடான தோசைகளைச் சாப்பிடத்தான் செய்தேன்.

ஞாயிறு காலை நான் பல் துலக்கிவிட்டு வெளியே வந்தபோது அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு அட்டை ஸ்டீயரிங்கிலிருந்து அவள் மடிக்கு வந்திருந்தது.

“கட்டனவங்கதான் அவுக்கணும்” என்றேன்.

“எழுதிப் போடுங்க மெமோ. ஏறுங்க.”

ஏறினேன். அவள் சாவியைத் தொடவில்லை. வலது கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஸ்விட்சாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“என்ன பண்ற?”

“ஷிஃப்ட் மாறும்போது மெஷின்ல வந்து நின்னா மொதல்ல இதத்தான் பண்ணுவோம். எனக்கு முன்னாடி நின்னவன் எத எப்படி வெச்சிட்டுப் போயிருக்கான்னு பாக்கணும். பாக்காம ஓட்டனா அவன் பண்ண தப்பு எம்பேர்ல வரும்.” விரல் கியர் கம்பியின் பக்கம் வந்து நின்றது. “இது ஏன் உள்ள போயிருக்கு?”

“பவர்.”

“பவர்னா?”

“பவர் ஆன் பண்ணாம எந்த மெஷினாவது ஓடுமா?”

“சாவின்னு ஒண்ணு எதுக்குக் குடுத்திருக்காங்க?”

அவள் டேஷ்போர்டைத் திறந்து, முதல் சொந்தக்காரர் உறை பிரிக்காமலே விட்டிருந்த கையேட்டை எடுத்தாள். பக்கம் தேடினாள். எழுத்துக்கூட்டுவது போல நிறுத்தி நிறுத்தி, எனக்குத் தமிழாக்கிச் சொன்னாள். மேடு ஏறும்போதும், வேகமாக முந்த வேண்டியபோதும் மட்டும் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் எஞ்சினின் முழு வலுவும் கிடைப்பதற்காக, வண்டி வேண்டுமென்றே கியரை லேட்டாக மாற்றும். அமுக்கியிருந்தால் மீட்டரில் விளக்கு எரியும். எங்கள் வண்டியில் அந்த பல்பு எப்போதோ செத்துப்போயிருந்தது.

அவள் பொத்தானைத் தட்டினாள். ‘டக்’ என்று வெளியே வந்தது.

பேரிகை வரை ஓட்டினாள். பாகலூர் தாண்டி, ரோஜாக் கூடாரங்களும் முட்டைக்கோசு வயல்களும் இரண்டு பக்கமும் வர, கியர் எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. பஞ்சு என்று பாய் சொன்னது அப்படியே இருந்தது. அவளுடைய இடது கால் ஓரமாக, வேலையில்லாமல், நிம்மதியாக நீட்டிக்கிடந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை கேட்டிருக்கிறேன். வெண்ணெயை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அத்திப்பள்ளி வரை போனவன் நான்தான். பிச்சையோ இல்லையோ, பேக்கு யார் என்பது தெளிவாகிவிட்டது.

பேரிகையில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கிருந்தே பாய்க்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அதான சார் சொன்னன், நீங்க ஓட்டறப்ப மட்டும் வருதுன்னு” என்றார். இரண்டு பேரிடம் சொன்ன குறையைத் திருப்பி எடுக்க அந்த இரண்டு பேருக்கும் போன் செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் டீ ஆறிவிட்டது.

திரும்பிப் பார்த்தால், என் ஐந்து ஏன் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு அவள் பேனாவைத் திறந்திருந்தாள்.

“சொல்லுங்க. கியர் ஏன் லேட்டாச்சி?”

“பொத்தான் அமுங்கியிருந்துச்சி.”

“ஏன் அமுங்கியிருந்துச்சி?”

“நான் அமுக்குனன்.”

“பத்து நாளா அது ஏன் தெரியல?”

“நான் மட்டும்தான ஓட்டுனன். பாய் ஆஃப் பண்ணாலும் திரும்பப் போட்டுட்டன்.”

“என்ன ஏன் ஓட்ட விடல?”

“அட்ட கட்டியிருந்தன்.”

நான்கு கட்டங்களும் அவளுடைய கோணாத கையெழுத்தில் நிரம்பிவிட்டன.

“அட்ட ஏன் கட்டனீங்க?”

“பாதுகாப்பு” என்றேன். “உன் காலு…”

அவள் அதை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டாள். எங்கள் கம்பெனியில் ஐந்தாவது ஏனுக்கு இப்படி ஒரு பதிலை யாராவது சொல்லியிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் வண்டியை எடுத்தாள்.

திங்கள்கிழமை ஐந்து மணிக்கே மஞ்சள் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பி மெயின் ரோட்டில் ஏறும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு அலறலும் இல்லை. பெருமையாக இருந்தது.

உள்ளே வந்தேன். அடுப்புக்கு மேலே, கரண்டி மாட்டும் ஆணியில் சிவப்பு அட்டை தொங்கியது. அதன் பின்னால் என் தாள் செருகியிருந்தது. ஐந்தாவது கட்டம் நிரம்பியிருந்தது. இரண்டே வார்த்தை. ‘சூடான தோசை.’

உட்கார்ந்து கார் ஓட்ட லாயக்கில்லை என்று நான் தீர்மானித்த அதே முழங்காலோடு, பத்து நாளும் சாயந்திரம் அவள் அந்த அடுப்படியில் நின்றிருக்கிறாள். அங்கே அட்டை கட்ட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லாததால் அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அட்டையைத் திருப்பினேன். தீர்வு என்ற இடத்தையும் அவளே எழுதி மூடியிருந்தாள்.

‘ஆபரேட்டருக்கு மறுபயிற்சி. மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.’